குடும்பத்துக்குப் பழைய வான் வாங்கலாமா? றேடியேற்றர் மூடியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: வீட்டில் ஆறு பேர். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், காரில் குனிந்து ஏறி இறங்க முடியவில்லை. இருப்பது யாழ்ப்பாணத்தில், மருதனார்மடம். வருசத்தில் ஐந்தாறு தடவை கொழும்பு, மற்றப்படி கோயில், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் ரியூசன். சுசுக்கி எவ்ரி, ரொயோற்றா ரவுன்ஏஸ், ரொயோற்றா டொல்பின் ஹயஸ், இந்த மூன்று வான்களில் எது சரிவரும்? எதைப் பார்த்து வாங்குவது?

ஆறு பேர் என்றால் எவ்ரியை விட்டுவிடுங்கள். அது யப்பானின் சிறுவாகன விதிக்கு அளந்து செய்த வான்: எஞ்சின் 660 சிசிக்குள், நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள், ஆட்கள் நாலு பேர். சாமான் வானாக வந்த எவ்ரிகளில் பலவற்றுக்கு இரண்டு பேர் இருந்தால் 350 கிலோ, நாலு பேர் இருந்தால் 250 கிலோ சாமான் என்றுதான் கணக்கு. பின்னால் ஒரு வாங்கு பொருத்தி ஏழெட்டுப் பேரை ஏற்றுகிறார்கள். அந்த வாங்கு தகரத்தில் நாலு ஆணியில் நிற்கிறது, பெல்ற் கிடையாது. சடுதியாகப் பிறேக் அடித்தால் வாங்கோடு ஆட்களும் முன்னுக்கு வருவார்கள். வீட்டில் நாலு பேர்தான், ஒழுங்கைக்குள்தான் ஓட்டம் என்றால் எவ்ரிக்கு நிகர் இல்லை. உங்களுக்கு அது இல்லை.

டொல்பின் ஹயஸ் நல்ல உழைப்பாளி. 2779 சிசி, 3எல் என்ற வகை டீசல் எஞ்சின், உதிரிச் சாமான் எங்கும் கிடைக்கும். ஆனால் வாங்கமுதல் பதிவுப் புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கையைப் பாருங்கள். சாரதியோடு சேர்த்து 9 இருக்கை வரைதான் பி வகை சாரதி அனுமதிப்பத்திரம் செல்லும். அதற்கு மேல் பதிந்திருந்தால் டி1 வேண்டும். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். அத்தோடு உங்கள் படலையின் அகலத்தையும், ஒழுங்கையிலிருந்து படலைக்குள் திரும்ப இருக்கிற இடத்தையும் நாடா பிடித்து அளந்து பாருங்கள். எட்டுப் பேருக்குக் குறைந்த குடும்பம் டொல்பினை வைத்திருப்பது வெறும் சீற்றுக்கு டீசல் ஊற்றுகிற வேலை.

ஆகவே ரவுன்ஏஸ். அதிலும் இரண்டு வகை. பழைய பெட்டி உருவ ரவுன்ஏஸ், லைற்ஏஸ் வான்களில் பெரும்பாலும் 1974 சிசி, 2சி வகை டீசல் எஞ்சின். 1996இல் வந்த, மூக்குச் சற்று நீண்ட ரவுன்ஏஸ் நோவாவில் 2184 சிசி 3சி டீசல். கொழும்புக்கு ஓடுவதற்கும் ஏசிக்கும் நோவா மேல். இரண்டிலும் எஞ்சின் முன்சீற்றுக்குக் கீழே. இந்த அமைப்பின் பலவீனம் முழுவதும் சூட்டில் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் அந்தப் பலவீனம் இரட்டிப்பாகிறது.

எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைக் கல்லை எல்லோரும் சுரண்டியிருப்போம். றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அதே கல் எஞ்சினுக்குள், தண்ணீர் ஓடும் துளைகளின் சுவரில், படிகிறது. கடற்கரைப் பக்கத்துச் சவர்த் தண்ணீர் என்றால் கறளும் சேரும். கல் படிந்த சுவர் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்காது. சூட்டுமானி நடுவில் நிற்கும், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் மட்டும் உள்ளே வெந்துகொண்டிருக்கும். கடைசியில் ஹெட் வளையும் அல்லது வெடிக்கும். 2சி, 3சி எஞ்சின்களின் ஹெட் வெடிக்கிறது என்று எல்லாக் கராச்சிலும் சொல்வார்கள். அவற்றில் பெரும்பகுதி தண்ணீரால் வந்த வினை.

அதனால் வான் பார்க்கப் போகும்போது விடியக் காலையில், எஞ்சினை ஒருவரும் ஸ்ராட் பண்ணமுதல் போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சினில் றேடியேற்றர் மூடியைக் கழற்றி, மூடியின் உட்பக்க றபரையும் கழுத்து விளிம்பையும் விரலால் தடவுங்கள். பச்சை அல்லது சிவப்புத் தெளிந்த கூலன்ற் இருந்தால் நல்லது. தேத்தண்ணி நிறத்தில் கறள் தண்ணீர், விளிம்பில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் படிவு, விரலில் எண்ணெய் வழுக்கல், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் விலை கதைக்கும் கட்டத்துக்குப் போக வேண்டாம். புத்தம் புதிய நிறத்தில் பளபளக்கும் கூலன்றும் சந்தேகத்துக்குரியது. எப்போது, ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

மூடி திறந்தபடியே ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். முதல் ஒரு நிமிடம் ஒன்றிரண்டு குமிழி வரும், அது உள்ளே நின்ற காற்று. அதற்குப் பிறகும் சோடாப் போத்தல்போல விடாமல் குமிழி வந்தால், எஞ்சினுக்குள் எரிந்த வாயு, ஹெட்டுக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடான காஸ்கற்றாலோ ஹெட்டின் வெடிப்பாலோ தண்ணீருக்குள் வருகிறது. மூடியைப் போட்டு, ஏசியைப் போட்டு, ஐந்து பேரை ஏற்றிக் கண்டி வீதியில் கொடிகாமம் வரை ஓடித் திரும்புங்கள். ஒழுங்கைக்குள் ஒரு வட்டம் ஓடிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. திரும்பி வந்ததும் மூடியைத் தொட வேண்டாம். அடுத்த நாள் காலை மேல் ஹோஸைக் கையால் அமத்துங்கள். இரவு முழுக்க ஆறிய எஞ்சினில் அது தளர்ந்திருக்கவேண்டும். கல்லுப்போல் இறுகியிருந்தால் அந்த வானை விடுங்கள்.

இன்னும் இரண்டு இடம். யப்பானியக் குளிருக்காகப் பின்சீற்றுக்காரருக்கும் ஹீற்றர் வைத்த வான்களில், அதற்கான இரும்புக் குழாய்கள் தரைக்குக் கீழால் ஓடுகின்றன. இங்கே ஹீற்றரை ஒருவரும் போடுவதில்லை, அதனால் அந்தக் குழாய்களை ஒருவரும் பார்ப்பதும் இல்லை. கறள் பிடித்து மதவாச்சியில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் முழுவதும் இறங்கிவிடும். குழாய் கெட்டிருந்தால் எஞ்சினுக்குக் கிட்டவே முறையாகச் சுற்றிணைத்து மூடிவிடலாம், சின்ன வேலை. மற்றது தேர்மோஸ்ராற், எஞ்சின் சூடேறியதும் தண்ணீரை றேடியேற்றருக்குத் திறந்துவிடுகிற வால்வு. வெப்ப நாட்டுக்கு இது தேவையில்லை என்று கழற்றி எறிந்திருப்பார்கள். இது பிழையான வைத்தியம். சில எஞ்சின்களில் தேர்மோஸ்ராற் இல்லாவிட்டால் சுற்றுவழி திறந்தே கிடந்து, சுடுதண்ணீரின் ஒரு பகுதி றேடியேற்றருக்குப் போகாமலே திரும்பிவிடும். கழற்றிய ஒன்றைச் சோதிக்க அதன் உடம்பில் பொறித்த பாகையைப் பாருங்கள். நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால் அந்தப் பாகைக்கு அண்மையில் வாய் திறக்கவேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள், விலை பெரிதில்லை.

வாங்கிய முதல் கிழமையே பழைய தண்ணீரை இறக்குங்கள். ஒரு முறை, இரண்டு முறை, இறங்கும் தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். கழுவ மழைத் தண்ணீர் நல்லது. கடைசியாக நிரப்புவது கூலன்றும், பற்றறிக் கடையில் விற்கும் வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. இங்கே பனி உறைவதில்லையே என்று கூலன்றைத் தவிர்ப்பவர்கள் உண்டு. எங்களுக்கு அது வேண்டுவது கறள் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும். நிரப்பும்போது வானின் முன்பக்கத்தைச் சற்று மேட்டில் நிறுத்தி, ஹீற்றர் நெம்பை முழுச் சூட்டுக்குத் தள்ளி, மெல்ல மெல்ல ஊற்றி, ஹோஸ்களைப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். குழாய்கள் நீளமான வான்களில் உள்ளே காற்று அடைத்து நின்றால் நல்ல எஞ்சினும் சூடேறும். மறுநாள் காலை மட்டம் பார்த்து மீண்டும் நிரப்பவேண்டும். இறக்கிய தண்ணீரையோ பழைய ஒயிலையோ வளவுக்குள் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே அது நேரே உங்கள் கிணற்றுக்கும் அயல் வீட்டுக் கிணற்றுக்கும்தான் போகும்.

ரைமிங் பெல்ற் 2சி, 3சி, 3எல் மூன்றுக்கும் உண்டு. 100,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாற்றவேண்டியது. டீசல் எஞ்சினில் அது அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் முட்டிக்கொள்ளும். மீற்றர் காட்டும் எண்ணை நம்பி இதில் கணக்குப் பார்க்க வேண்டாம். மாற்றிய திகதிக்குச் சான்று இல்லை என்றால் வாங்கிய உடனே பெல்ற், ரென்சனர் பெயாரிங், ஒயில் சீல் எல்லாம் சேர்த்து மாற்றுங்கள். திறந்து கிடக்கும்போதே வோட்டர் பம்பையும் ஆட்டிப் பாருங்கள்.

அடுத்த எதிரி உப்பு. பண்ணைப் பாலம், பொன்னாலையிலிருந்து காரைநகர், குறிகட்டுவான் போகும் வழி, இவற்றிலெல்லாம் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கடற்தூவல் வானின் அடிவயிற்றில் படிகிறது. தீவுப்பக்கத்தில் நின்ற வானா, வலிகாமத்தில் நின்ற வானா என்று கேட்டு வையுங்கள். ஆனால் பதிலைவிடக் காந்தத்தை நம்புங்கள். சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, பின்சில்லு வளைவு, ஏறும் படியின் கீழ்ப்பகுதி, தள்ளுகதவின் கீழ்த் தண்டவாளம், கூரைத் தண்ணீர் வாய்க்கால், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள் எல்லாவற்றிலும் வைத்து இழுங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகரம் இல்லை, ஓட்டையை மறைக்க அப்பிய புட்டி. முன்கால் வைக்கும் இடத்தின் விரிப்பைத் தூக்கிப் பெருவிரலால் அமத்துங்கள். தகரம் நெளிந்தால் கீழே ஒன்றும் இல்லை. பிறேக் குழாய்களையும் டீசல் தாங்கியைத் தாங்கும் பட்டிகளையும் ரோச் பிடித்துப் பாருங்கள். அடியில் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்திருந்தால் எச்சரிக்கை. கறளின் மேல் பூசிய தார் கறளை மூடிப் பாதுகாக்கிறது, தகரத்தை அல்ல.

இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து 2025 ஜனவரி வரை நின்றிருந்ததால், உள்ளூரில் ஓடிய பழைய வான்களே பூச்சுப் பூசிப் பூசிக் கைமாறின. ஆகவே பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். வாங்கிய பிறகு, தீவுப்பக்கம் போய்வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கதவுகளின் கீழ் விளிம்பில் சின்னச் சின்ன வடிதுளைகள் இருக்கும். எங்கள் செம்மண் அவற்றை அடைத்துவிடும். மாரி தொடங்கமுதல், ஐப்பசியில், ஒரு ஈர்க்கால் குத்தித் திறந்துவிட்டால் கதவு உள்ளிருந்து உக்காது.

ரயரில் பூவைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பக்கச் சுவரில் நாலு இலக்கத் திகதியையும் வாசியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. குறைவாக ஓடும் குடும்ப வானில் ரயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் வெடித்துச் சாகிறது. வானுக்கு வான் ரயர்தான். கார் ரயர் பாரம் தாங்காது. பின் அச்சிலிருந்து மேலே ஒரு தண்டு போய் ஒரு வால்வில் முடிந்தால், பாரத்துக்கு ஏற்றபடி பின் பிறேக்கைக் கூட்டிக் குறைப்பது அதுதான். கறளில் இறுகிவிட்டால் ஆள் இல்லாத வானில் பின்சில்லு சறுக்கும், அல்லது நிறைய ஆளோடு பிறேக் போதாமல் போகும். ஏசியைப் பின்சீற்றில் இருந்து சோதியுங்கள், மத்தியானத்தில்.

கடதாசி விசயம். அடிச்சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றிய வான்கள் நிறைய உண்டு. மாற்றம் புத்தகத்தில் ஏறியிருந்தால் பிழையில்லை. முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் நின்றால், விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை காசு கொடுக்க வேண்டாம். விற்பவரின் பெயரே புத்தகத்தில் இல்லை, முந்தியவர் ஒப்பம் வைத்த எம்.ரீ.ஏ 6 என்ற உரிமைமாற்றப் படிவம் மட்டும் இருக்கிறது என்பார்கள். இடையில் யாராவது வெளிநாடு போயிருந்தால் அந்தச் சிக்கல் உங்கள் தலையில்தான் விடியும். வாங்கினால் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றவேண்டும். புகைப் பரிசோதனைச் சான்றும் வருமான அனுமதிப்பத்திரமும் எப்போது முடிகின்றன என்பதையும் பாருங்கள். புகைச் சோதனையில் தோற்ற டீசல் வானுக்கு இன்ஜெக்ரர், பம்ப் வேலை காத்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

அம்மாவை முன்சீற்றில் இருத்த நினைக்காதீர்கள். இந்த வான்களில் முன்சீற் உயரத்தில், எஞ்சின் சூட்டுக்கு மேலே இருக்கிறது. சில்லு வளைவைத் தாண்டிக் காலைத் தூக்கி ஏறவேண்டும். நடுவரிசையில் இடப்பக்கம், தள்ளுகதவுக்குப் பக்கத்து இருக்கைதான் அவருக்குரியது. தள்ளுகதவு றோட்டோரப் பக்கம் திறக்கும், குனியவும் வேண்டியதில்லை. ஆனால் நிலத்திலிருந்து படி வரை உள்ள உயரம் முழங்காலுக்கு அதிகம். கதவோரத் தூணில் உள்தகரத்தோடு சேர்த்துப் போல்ற் போட்டு ஒரு கைபிடி பூட்டுங்கள், வெறும் தகர ஆணி போதாது. படிக்குக் கீழே, நிலத்துக்கும் படிக்கும் நடுவில் வரும்படி, ஒரு மடிப்புப் படி வெல்டிங் கடையில் செய்விக்கலாம். சொரசொரப்பான தகரம் வையுங்கள், மழையில் வழுக்காது. வாங்கமுதல் அம்மாவையும் கூட்டிக்கொண்டுபோய் ஒருக்கா ஏற்றி இறக்கிப் பாருங்கள். வருத்தமான காலை எந்தப் பக்கம் வைக்கிறார் என்று தெரிந்தால்தான் கைபிடியை எந்தத் தூணில் பூட்டுவது என்று தெரியும்.