எடை குறைந்தது, கால் பலமும் ஏன் சேர்ந்து குறைந்தது?

கேள்வி: எனக்கு 66 வயது. உயரம் 152 செ.மீ. எட்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். பிரஷர் மாத்திரையும் உண்டு. வலது முழங்காலில் தேய்மானம், எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதமாக மொட்டை மாடியில் தினமும் 45 நிமிஷம் நடக்கிறேன். மீன், முட்டையை விட்டுவிட்டேன். ராத்திரிக்கு இரண்டு பிஸ்கட்டும் பாலும்தான். 80 கிலோவிலிருந்து 74க்கு வந்துவிட்டேன். ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. இரண்டு தடவை விடியற்காலையில் வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது. பேரன் ஜிம்முக்கு வரச் சொல்கிறான். இந்த வயதில் வெயிட் தூக்கலாமா? வெள்ளிக்கிழமை விரதம் இருக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, ஜிம் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த விடியற்காலை நடுக்கத்தைக் கவனிக்க வேண்டும். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி, 6 கிலோவும் குறைத்த பிறகு பழைய அளவு மாத்திரையே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் அதுதான். அடுத்த முறை நடுங்கினால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். மீட்டர் கைக்கு எட்டவில்லை என்றால் அதைத் தேடி நேரத்தைக் கடத்தாமல் முதலில் குடித்துவிடுங்கள். இந்த வாரமே டாக்டரைப் பார்த்து, எடை குறைந்ததையும் நடுக்கம் வந்ததையும் சொல்லுங்கள். மாத்திரை அளவை அவர் குறைக்க வேண்டியிருக்கலாம். எடை இறங்க இறங்க பிரஷரும் இறங்கும், ஆகவே அந்த மாத்திரையையும் சேர்த்துக் கேளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவரை ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது.

இனி, ஏன் எழ முடியவில்லை என்பது. முப்பது வயதைத் தாண்டினாலே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்குகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கினால், போகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பாக இல்லாமல் தசையாகப் போய்விடும். நீங்கள் புரதத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டதால் இழப்பு இன்னும் கூடியிருக்கலாம். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான். ஆனால் தொடையிலும் தோளிலும் தசை போகாமல் காக்க அது போதாது. தசைக்குப் பாரம் வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் 150 நிமிஷம் மிதமான நடையோடு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னதும் இதனால்தான். ஆகவே வெயிட் தூக்கலாமா என்றால், தூக்கத்தான் வேண்டும். முதல் வெயிட் உங்கள் உடம்பே.

வீட்டிலேயே தொடங்கலாம். 18 அங்குல உயரமுள்ள, கையில்லாத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், வேண்டாம். விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கால் விரல்களைத் தாண்டுகிற அளவுக்கு முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுந்து நில்லுங்கள். மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக உட்காருங்கள். பலன் அதிகம் இருப்பது இந்த இறக்கத்தில்தான், பலரும் கோட்டை விடுவதும் இங்கேதான்; பொத்தென்று விழுந்து உட்கார்ந்தால் பாதிப் பயிற்சி வீண். 8 முறை செய்து, இரண்டு நிமிஷம் ஓய்ந்து, இன்னொரு 8. முழங்கால் வலித்தால் மடித்த போர்வையை இருக்கையில் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எழும்போது முழங்கால்கள் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று தொடக் கூடாது, இரண்டாவது கால்விரலின் நேரே இருக்கட்டும். மூச்சை அடக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும். வாய்விட்டு எண்ணினால் அடக்கவே முடியாது.

12 முறை இரண்டு சுற்று சுலபமாக வந்துவிட்டால் போர்வையை எடுத்துவிடுங்கள். அதுவும் சுலபமானால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுங்கள், அது ஒரு கிலோ பாரம். இப்படிப் பாரத்தை ஏற்றிக்கொண்டே போகாவிட்டால் தசை அதே இடத்தில் நின்றுவிடும். மாதக்கணக்கில் அரைக்கிலோ டம்பெல்லையே ஆட்டிக்கொண்டிருப்பவர்களுக்குப் பலன் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, கை நீள தூரத்தில் நின்று, சுவரில் உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் வைத்து, இடுப்பு தொங்காமல் சுவரை நோக்கிச் சாய்ந்து தள்ளி மீளுங்கள். பிறகு மேஜையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மறு கையில் இரண்டு லிட்டர் பாட்டில் போட்ட துணிப்பையை முழங்கை விலாவை உரச மேலே இழுங்கள். குடம் தூக்கும் பலம் இதில்தான் திரும்பும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். கடைசியாக, வலிக்கிற முழங்காலுக்கென்று, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, 5 விநாடி கீழே அழுத்துங்கள், 10 முறை. தொடைத் தசை வலுத்தால் மூட்டுக்குத் தாங்குதல் கிடைக்கும்.

எல்லாம் சேர்த்து 25 நிமிஷம். திங்கள், வியாழன் என்று இடைவெளி விட்டுச் செய்தால் போதும். தினமும் செய்ய வேண்டியது சமநிலை மட்டும்: மேடை ஓரம் நின்று, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் பெருவிரலைத் தொடும்படி வரிசையாக வைத்து 10 விநாடி.

அடுத்த நாள் தொடையில் தசைவலி இருந்தால் பயமில்லை, இரண்டு நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துகிற வலியும் வீக்கமும் வேறு விஷயம். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் மூட்டு வலித்தால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் உட்கார்ந்துவிட்டு 108ஐ அழையுங்கள். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் ஸ்டான்லி மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் ஒருமுறை செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

நடையை 45 நிமிஷம் ஒரே மூச்சாக நடக்காமல், மூன்று வேளையும் சாப்பிட்டபின் 15 நிமிஷமாகப் பிரியுங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது நன்றாக அடக்கும், முழங்காலுக்கும் இடைவெளி கிடைக்கும். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம் சரி. மாடியில் ஒரே பக்கமாகச் சுற்றினால் பாரம் ஒரு காலில் கூடும், பாதி நேரம் எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். வெறுங்கால் கூடவே கூடாது. நீண்ட நாள் சர்க்கரையில் பாதம் மரத்துப்போனால் சுடுகிற தரை கொப்பளித்த பிறகுதான் தெரியும். எம்.சி.ஆர். செருப்பு, அதாவது பாதத்தை அழுத்தாத மெத்தென்ற ரப்பர் செருப்பு, போட்டு நடங்கள். மதிய நடையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மீனை நிறுத்தியதுதான் எனக்கு மிகவும் வருத்தம். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நெத்திலியையும் சங்கராவையும் விடலாமா? 100 கிராம் மீனில் 18 கிராமுக்குக் குறையாத புரதம் இருக்கிறது. கெடுதல் பொரிக்கிற எண்ணெயில். குழம்பாக வையுங்கள், அல்லது தோசைக்கல்லில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் வாட்டுங்கள். கருவாடு மட்டும் உப்புக்காகக் குறைவாக.

உங்களுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். காலையில் இரண்டு இட்லியோடு கெட்டிச் சாம்பாரும் ஒரு முட்டையும், மதியம் ஒரு கப் சோறும் மீனும் கீரைக்கூட்டும், சாயங்காலம் ஒரு கைப்பிடி சுண்டல், ராத்திரி இரண்டு சப்பாத்தி, பருப்பு, ஒரு முட்டை, ஒரு கிண்ணம் தயிர் என்று பிரித்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். அதற்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்திருக்க வேண்டும். சிறுநீரகம் பாதித்திருந்தால் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். குறைக்க வேண்டியவை சோறு, எண்ணெய், பிஸ்கட், டீயில் போடும் சர்க்கரை. ஒரு கப் சோறு சுமார் 200 கலோரி, அரை மணி நேர நடையில் செலவாவதைவிட அதிகம்.

எடை இன்னும் குறையத்தான் வேண்டும், ஆனால் மாதம் ஒன்றரை கிலோவுக்கு மேல் வேண்டாம். ஆறு மாதத்தில் 70 கிலோவுக்கு வந்தாலே நல்ல முன்னேற்றம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்குகிற பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. வாரம் ஒருமுறை காலையில் எடை பாருங்கள், மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு. கூடவே 30 விநாடியில் கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறீர்கள் என்றும் எண்ணிக் குறியுங்கள். உங்கள் வயதுப் பெண்களுக்கு 11க்குக் கீழே இருந்தால் கால் பலம் குறைவு. எடை அசையாத வாரங்களிலும் இந்த எண் ஏறினால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

பேரனோடு ஜிம்முக்குத் தாராளமாகப் போகலாம், டாக்டர் சம்மதித்து, இந்த வீட்டுப் பயிற்சி ஒரு மாதம் பழகிய பிறகு. உட்கார்ந்து காலால் பாரத்தைத் தள்ளுகிற லெக் பிரஸ், உட்கார்ந்து கையால் இழுக்கிற கேபிள் ரோ இரண்டும் உங்களுக்குப் பொருந்தும். குதிக்கிற பயிற்சியும், தரையில் படுத்து வயிற்றைச் சுருக்குகிற கிரஞ்சும் வேண்டாம். எலும்பு மெலிந்திருந்தால் கிரஞ்ச் முதுகெலும்புக்கு ஆபத்து. வயிற்றில் கட்டுகிற அதிர்வு பெல்ட்டும், வியர்க்க வைக்கிற உறையும் கொழுப்பைத் தொடுவதில்லை. பயிற்சிக்கு முன் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள், குளுக்கோஸ் பாக்கெட் பையில் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை முழுப் பட்டினி கிளிமிபிரைடு சாப்பிடும் வரை வேண்டாம். பாலும் பழமும் சுண்டலுமாக மூன்று வேளை எடுத்து விரதம் இருக்க நினைத்தாலும், அன்றைய மாத்திரை அளவை டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அன்று தசைப் பயிற்சி வைத்துக்கொள்ளாதீர்கள். திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்கப் போவதானால் காலையிலோ வெயில் தாழ்ந்தோ போங்கள். பிரகாரத்தில் வெறுங்காலோடுதான் சுற்ற வேண்டும் என்பதால் வீடு திரும்பியதும் இரண்டு பாதங்களின் அடியையும் விரலிடுக்கையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கொப்புளமோ கீறலோ தெரிந்தால் மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள்.