கேம்ப் அழைப்பு வந்தால் தேர்வாகிவிட்டதாக அர்த்தமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. வாலிபாலில் லிபரோ (பின்வரிசையில் மட்டும் ஆடிப் பந்தை எடுப்பவள்), உயரம் ஐந்தடி நாலங்குலம். இப்போதைய கிளப்பில் எல்லா மேட்சிலும் ஆடுகிறாள். பெரிய கிளப் ஒன்று தன் முதல் அணியில் இடம் தருவதாகச் சொல்கிறது. கட்டணம் இரண்டு மடங்கு, அங்கே ஏற்கெனவே ஒரு லிபரோ இருக்கிறாள். நான்கு பல்கலைக்கழகங்களிலிருந்து கோடை கேம்ப்புக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஸ்காலர்ஷிப்புக்கு வழி செய்வதாக ஒரு நிறுவனம் 3,500 டாலர் கேட்கிறது. நாங்கள் எச்-1பி வேலை விசாவில், மகள் அதைச் சார்ந்த எச்-4 விசாவில். எதற்குச் செலவு செய்வது, எதை விடுவது?

பதில்: கேம்ப் அழைப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வீட்டில் அதை வைத்துத்தான் கனவு கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு வரும் ஜூன் 15-க்கு முன்னால், டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்நிலைப் பிரிவு) வாலிபால் பயிற்சியாளர் ஒரு மாணவியோடு ரெக்ரூட்டிங், அதாவது அணிக்கு ஆள் எடுப்பது, பற்றிப் பேசவோ எழுதவோ கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி இடம் தருவதில்லை. கேள்விப்படிவமும் கேம்ப் விளம்பரமும் அனுப்பலாம், அவ்வளவுதான். கல்லூரி நடத்தும் கேம்ப், வயதும் வகுப்பும் பொருந்துகிற எவரும் பணம் கட்டிச் சேரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே "உன் ஆட்டம் எங்கள் கண்ணில் பட்டது, வா" என்கிற கடிதம் உங்கள் மகளுக்கு மட்டும் வந்ததல்ல. பொய்க் கடிதம் என்று சொல்லவில்லை. விளம்பரம் என்கிறேன்.

உண்மையான ஆர்வத்தைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது ஒன்றுதான்: யார் கையிலிருந்து செலவாகிறது? கேம்ப் என்றால் உங்கள் பணம். பயிற்சியாளர் ஒரு டோர்னமெண்டில் முப்பது நாற்பது கோர்ட்டுகளைத் தாண்டி வந்து உங்கள் மகளின் மேட்ச் முழுவதும் நின்று பார்த்தால் அது அவருடைய நேரம். ஜூன் 15-க்குப் பிறகு அவரே தொலைபேசியில் கூப்பிடுவதும் அப்படித்தான். பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1-லிருந்து அதிகாரபூர்வ விசிட்டுக்கு அழைத்தால் அது கல்லூரியின் பணம். பிடித்த கல்லூரி கேம்ப்புக்கு ஒன்றிரண்டு முறை போவதில் தவறில்லை. அந்த நான்கில் அவள் உண்மையிலேயே படிக்க விரும்பும் கல்லூரி எது என்று கேளுங்கள். அதற்கு மட்டும் போகட்டும், அதுவும் போவதற்கு முன் அவளே பயிற்சியாளருக்கு எழுதிவிட்டு.

கிளப் மாற்றம்? இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவள் கோர்ட்டில் நிற்பாள் என்றால் மட்டும் மாறுங்கள். பெரிய கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் லிபரோவை யாரும் பார்க்க வர மாட்டார்கள். அந்த கிளப் இயக்குநரிடம் நேராகக் கேளுங்கள்: கடந்த மூன்று வருடத்தில் உங்கள் லிபரோக்கள் எந்தெந்தக் கல்லூரிக்குப் போனார்கள், அங்கே ஆடுகிறார்களா, என் மகளுக்கும் இருக்கிற பெண்ணுக்கும் ஆட்டத்தை எப்படிப் பிரிப்பீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் இருக்கிற இடத்திலேயே இருங்கள். கட்டணத்துக்கு மேலே விமான டிக்கெட், டோர்னமெண்ட் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் வரும். அதையும் கூட்டிப் பாருங்கள்.

இனி ஸ்காலர்ஷிப். பெண்கள் வாலிபாலில் ஒரு டிவிஷன் 1 அணிக்கு அதிகபட்சம் 12 முழு ஸ்காலர்ஷிப் என்பது பழைய கணக்கு. 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு போய், அணியில் 18 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. பதினெட்டுப் பேருக்கும் முழுப் பணம் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தொகையைப் பிரித்தும் கொடுக்கலாம், சிலருக்குக் கொடுக்காமலும் விடலாம். அந்தப் பதினெட்டில் லிபரோவுக்கும் பின்வரிசையில் பந்தை எடுக்கும் மற்ற ஆட்டக்காரர்களுக்கும் சில இடங்கள்தான். அதற்கும் இருபது வயது அனுபவசாலிகள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் பட்டியல்) வழியாக வருகிறார்கள். 2024-லிருந்து படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம்.

நம் வீடுகளில் டிவிஷன் 3 என்றதும் 'மூன்றாம் தரமா?' என்று முகம் சுளிக்கிறார்கள். எம்ஐடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி எல்லாம் அங்கேதான் வாலிபால் ஆடுகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2019-இல் ஒரு மேட்சும் தோற்காமல் டிவிஷன் 3 பட்டம் வென்றது. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. கிடைப்பது படிப்புக்கோ குடும்ப வருமானத்துக்கோ ஏற்ற உதவி. பல கல்லூரிகளில் பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் பயிற்சியாளர் மதிப்பெண் பட்டியலை வாங்கி அட்மிஷன் அலுவலகத்தில் முன்கூட்டியே காட்டிக் கருத்துக் கேட்பார். பிடிக்காத பிள்ளைக்கு அவர் அதைச் செய்ய மாட்டார். ஐந்தடி நாலங்குல லிபரோவுக்கு, மதிப்பெண்ணும் நன்றாக இருந்தால், நான் முதலில் தேடுவது இந்தப் பக்கம்தான்.

3,500 டாலரை விட்டுவிடுங்கள். அந்த நிறுவனம் செய்யப்போவது ஒரு ப்ரொஃபைல், ஒரு வீடியோ, கொத்துக் கொத்தாக மின்னஞ்சல். கல்லூரிப் பயிற்சியாளர் காது கொடுப்பது கிளப் பயிற்சியாளரின் ஒரு போன் காலுக்கு, அது உங்கள் கட்டணத்திலேயே அடங்கியிருக்கிறது. கேட்டு வாங்குங்கள். வீடியோ மூன்று நிமிடம் போதும். பாய்ந்து விழுந்து எடுத்த பந்துகளை மட்டும் கோக்காதீர்கள். சர்வை வாங்கி, பந்தை அடிப்பவருக்குத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் கைக்கு அனுப்புவதுதான் லிபரோவின் அன்றாட வேலை, அது முதல் அரை நிமிடத்தில் வர வேண்டும். மின்னஞ்சலின் தலைப்பில் பள்ளி முடிக்கும் ஆண்டு, இடம், கிளப் பெயர். உள்ளே அடுத்த டோர்னமெண்டில் எந்த நேரம், எந்த கோர்ட். எழுதுவது மகள். "நானே நல்ல இங்கிலீஷில் எழுதிடறேன்" என்று அப்பா உட்கார்ந்தால் மடிக்கணினியை மெதுவாக நகர்த்திவிடுங்கள். அப்பா எழுதிய கடிதம் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

பள்ளிக் கவுன்சலரிடம் ஒரு வேலை: டிவிஷன் 1-க்கு 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், அதில் 10 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். இப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

கடைசியாக எச்-4. விளையாட்டு ஸ்காலர்ஷிப் வாங்க அது தடையில்லை. ஆனால் மத்திய அரசின் மாணவர் நிதியுதவி எச்-4 பிள்ளைகளுக்குக் கிடையாது. கல்லூரியின் சொந்த நிதியுதவியில் சில கல்லூரிகள் இவர்களை வெளிநாட்டு மாணவர் கணக்கில் வைக்கின்றன, அங்கே தொகை குறையலாம். 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டிவரும். பெயரையும் படத்தையும் வைத்து விளம்பர வருமானம் என்று யாராவது பேச்செடுத்தால், அது விசாவைப் பாதிக்கலாம் என்பதால், கையெழுத்துக்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். நிதியுதவி கல்லூரிக்குக் கல்லூரி மாறுவதால், பயிற்சியாளரோடு முதல் உரையாடல் நன்றாகப் போனால், அடுத்த வாரமே நிதியுதவி அலுவலகத்துக்கு நீங்கள் எழுத வேண்டிய கேள்வி: "எச்-4 மாணவியை எந்தப் பிரிவில் வைப்பீர்கள்?" இந்த ஒரு மின்னஞ்சலை மட்டும் அப்பா எழுதலாம்.