கலம் கரையும் விளக்கு

அன்புள்ள ஐயா,

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூணைப் பழைய கலங்கரை விளக்கம் என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். ஒரு சொத்து வழக்குக்காக ஆறு ஆண்டுகளாக அங்கே நடக்கிறேன். விளக்கு எரிந்தது கட்டடத்தின் உச்சிக் கோபுரத்தில் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். எது சரி? 'கலங்கரை'யில் வருவது கடற்கரைதானே?

வாசகர், திருவொற்றியூர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் சரி. ஆறு ஆண்டுகள் நடந்தும் அந்தத் தூணருகே போகாமல் இருந்துவிட்டீர்களே!

நகரின் முதல் விளக்கு 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்றைய அருங்காட்சியகக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றப்பட்டது. எரிந்தது தேங்காயெண்ணெய். அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிடும். ஆளும் சரக்கும், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகில் அலையைத் தாண்டி வந்து சேர வேண்டும்.

அடுத்ததுதான் நீங்கள் பார்க்காத தூண். 1844 புத்தாண்டு நாளில் விளக்கேற்றினார்கள். பல்லாவரத்துக் கருங்கல், 125 அடி. ஒரு நண்பகலில் அதன் அடியில் நின்றேன். உடல் முழுக்க நெடுக்குவாட்டில் வரிவரியாகக் குடைந்திருக்கிறார்கள். கை வைத்தேன், கல் சுட்டது. பீடத்தின் துண்டு நிழலில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இது என்ன தூண்?" என்று கேட்டேன். "ஏதோ நினைவுச்சின்னம் சார்" என்றார்.

1892-இல் பக்கத்திலேயே நீதிமன்றம் எழுந்தது. அதன் பெரிய கோபுரம் தூணைவிட உயரம், சுமார் 175 அடி. 1894-இல் விளக்கு அங்கே குடியேறியது. ஐம்பதே ஆண்டில் தூணுக்கு ஓய்வு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் குண்டு வீசியபோது நகரின் விளக்கு இந்தக் கோபுரத்தில்தான் இருந்தது. வளாகத்திலும் குண்டு விழுந்தது. அதைச் சொல்லும் கல்வெட்டை மதிற்சுவரில் பார்க்கலாம். மெரினாவின் முக்கோணக் கோபுரம் 1977-இல் வந்தது. லிஃப்ட் உண்டு, மேலிருந்து நொச்சிக்குப்பத்துப் படகுகள் தெரியும். எனக்கென்னவோ அதன்மேல் பெரிய ஒட்டுதல் இல்லை.

இனி சொல்லுக்கு வருகிறேன். அது கடற்கரை இல்லை. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை, உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய தீயைச் சொல்லிவிட்டு 'ஓடுகலம் கரையும் துறை' என்கிறது. ஓடும் கப்பலைக் கூப்பிடும் துறை.

அடுத்த வாய்தா எப்போது? அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். காலை நேரம் நல்லது, கல் சுடாது.