மாட்டுக்கொட்டில் கழுவ ஆய்வுகூட பீனோல் சரிவருமா?

ஆய்வுகூட பீனோலும் கடையில் வாங்கும் பினைலும் ஒன்றா, ஒன்றென்றால் கொட்டிலுக்குப் பீனோலையே கரைத்து ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊற்றாதீர்கள். கறுப்புப் பினைல் என்பது நிலக்கரித் தாரில் கிடைக்கும் பீனோலின் சொந்தக்காரர்களைச் சோப்போடு கலந்தது, அதனால்தான் தண்ணீரில் விட்டதும் பால்போல வெளுக்கிறது. வெள்ளைப் பினைலில் பெரும்பாலும் பைன் எண்ணெய். சுத்தமான பீனோல் வேறு சாமான்.

நான் கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும்போது எங்கள் ஆய்வுகூடம் ஒரு தகரக் கொட்டகை. பீனோல் ஏறக்குறைய 41 பாகையில் உருகும், ஈரம் சேர்ந்தால் அதற்கு முன்னமே இளகிவிடும், ஆகவே வைகாசி வெயிலில் போத்தலுக்குள் பாதி பளிங்கு, பாதி திரவம், காற்றுப் பட்டதில் இளஞ்சிவப்பு நிறம் வேறு. புரோமீன் நீர் விட்டு வெள்ளை வீழ்படிவு பார்க்கும் அவசரத்தில் ஒரு துளி விரலில் பட்டுவிட்டது. எரியவே இல்லை! அதுதான் இதன் கள்ளத்தனம், முதலில் நரம்பை விறைக்க வைத்துவிட்டு அப்புறம் ஆறுதலாகத் தோலை அவிக்கும். பாடம் முடிந்து பார்த்தால் அந்த இடம் வெள்ளை வெளேரென்று செத்துக் கிடந்தது, பிறகு மண்ணிறமாகி உரிந்தது. கூடுதலாகப் பட்டால் தோல் வழியே இரத்தத்தில் ஏறி இதயத்தையே குழப்பும். உடுப்பைக் கழற்றிவிட்டு நிறையத் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவ வேண்டும், கொஞ்சத் தண்ணீர் அதைப் பரப்பத்தான் உதவும், கழுவியதும் ஆஸ்பத்திரி.

வைத்தியத்திலும் பீனோல் பாவிக்கிறார்கள், ஆனால் எல்லாம் வீதக் கணக்கு. தொண்டை நோவுக்கு அடிக்கும் தெளிப்பில் 1.4 வீதம். மூலத்துக்கு 5 வீதம், பாதாம் எண்ணெயில் கலந்த ஊசியாக. சதைக்குள் வளரும் கால்நகத்தின் வேரைச் சுட்டழிக்க 80 வீதத்துக்கு மேல். சளியில் காசநோய்க் கிருமி தேடும் சாயத்திலும் 5 வீதம் உண்டு, அந்தக் கிருமியின் மெழுகுச் சுவருக்குள் சிவப்பு ஏற அதுதான் வழிவிடுகிறது.

தொழிற்சாலைக் கதை சுருக்கம்: பழைய கறுப்பு மின்சுவிட்சின் பேக்லைட், ஒட்டுப்பலகைப் பசை, பொலிகாபனேற்றுப் பிளாஸ்டிக், அஸ்பிரின், எல்லாவற்றுக்கும் ஆரம்பம் பீனோல்தான்.

உங்கள் யோசனை ஒரேயடியாகப் பிழை என்றும் சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் கார்லைல் நகரத்துச் சாக்கடையில் கொஞ்சம் காபொலிக் அமிலம், அதாவது இதே பீனோல், கலந்தபோது நாற்றம் நின்றதோடு அந்தச் சாக்கடை நீர் பாய்ந்த நிலத்தில் மேய்ந்த மாடுகளின் குடற்புழுவும் ஒழிந்ததாக வந்த செய்திதான் லிஸ்டர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியருக்குப் பொறி தட்டியது. 1865இல் கிளாஸ்கோவில் வண்டிச் சில்லு ஏறி எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் காயத்தில் அதைப் போட்டார், சீழ் பிடிக்காமல் ஆறியது.

உங்களுக்குப் பினைலே போதும். முதலில் சாணத்தை வழித்தெடுங்கள், அழுக்குக்கு மேலே ஊற்றினால் வேலை செய்யாது. போத்தலில் எழுதியிருக்கும் அளவுக்குக் கரையுங்கள், தீவனத் தொட்டிப் பக்கம் வேண்டாம். கொட்டிலில் பூனை படுக்கிறதென்றால் நிலம் காயும்வரை வெளியே துரத்திவிடுங்கள், பூனையின் ஈரலுக்குப் பீனோல் வகைகளைச் சரியாகக் கழிக்கத் தெரியாது, அது தன் பாதத்தை நக்கியே செத்துப்போகலாம்.