ஒரே டிரம், இரண்டு டிராக், மூன்று பில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுக் கணினியில் எலெக்ட்ரானிக் இசை செய்பவர்களுடையவை. எல்லோரும் சுற்றி வருவது பேரலல் கம்ப்ரெஷனை. அறியாதவர்களுக்கு: டிரம் ஒலியை இரண்டு டிராக்காகப் பிரித்து, ஒன்றை அப்படியே விட்டுவிடுவார்கள். மற்றதைக் கம்ப்ரெஸரில் (சத்தமான இடங்களை அமுக்கும் கருவி) போட்டு நசுக்கி, அசலுக்கு அடியில் கொஞ்சமாகக் கலப்பார்கள். அடியின் கூர்மை அசலில் நிற்கும். கனம் நசுக்கியதிலிருந்து வரும். இவ்வளவுதான் வித்தை. இதை வைத்து நடக்கும் வியாபாரம்தான் பெரிது.

பேரலல் கம்ப்ரெஷனுக்கென்றே ஒரு பிளக்-இன் (இசை மென்பொருளில் சேர்க்கும் துணை மென்பொருள்) 6,500 ரூபாய்க்கு வருகிறது. ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள் வைத்திருக்கிறேன். வாங்கலாமா? (கோவை)

வேண்டாம். லைவின் கம்ப்ரெஸரிலேயே அசலையும் (டிரை) நசுக்கியதையும் (வெட்) கலக்கும் டிரை/வெட் குமிழ் இருக்கிறது. மற்ற இசை மென்பொருள்களிலும் அப்படித்தான். லாஜிக்கில் அதன் பெயர் மிக்ஸ். ரீப்பரின் ரீகாம்ப்பில் வெட், டிரை இரண்டுக்கும் தனித்தனி அளவு உண்டு. எஃப்எல் ஸ்டுடியோவில் மிக்ஸரின் ஒவ்வொரு எஃபெக்ட் இடத்துக்கும் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கிறது. ஏற்கெனவே கையில் இருப்பதை எதற்கு மறுபடி விலைக்கு வாங்குகிறீர்கள்?

ஒரு கம்ப்ரெஸர் பிளக்-இன்னின் விற்பனைப் பக்கத்தில் "முன்-பின்" ஒலிகளைக் கேட்டேன். "பின்" பிரமாதம். சலுகை முடிய இரண்டு மணி நேரம் என்று கடிகாரம் ஓடியது, வாங்கிவிட்டேன். என் டிரம்மில் போட்டால் பெரிய மாற்றம் இல்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் அதே கடிகாரம், அதே இரண்டு மணி நேரம். கல்யாண வீடுகளுக்கு டிராக் செய்து பிழைப்பவன் நான். (மதுரை)

உங்கள் மேல் தப்பில்லை. உங்களை இரண்டு இடத்தில் ஏமாற்றியிருக்கிறார்கள்.

முதலாவது, ஒலி அளவு. ஒரே ஒலியை அதே அளவில் இன்னொரு முறை சேர்த்தாலே 6 டெசிபல் ஏறிவிடும். பேரலல் கம்ப்ரெஷன் என்பதே ஒன்றின் மேல் இன்னொன்றைச் சேர்ப்பது. எனவே "பின்" பெரும்பாலும் சத்தமாகத்தான் இருக்கும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதைத் தரமானதென்று எடுத்துக்கொள்வது காதின் இயல்பு. விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நான் கேட்ட விளம்பர ஒலிகளில் இரண்டின் அளவையும் சமமாக்கிக் காட்டியவை மிக அரிது. துணிக்கடையில் ஒரு சேலைக்கு மட்டும் விளக்குப் போட்டுக் காட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இனிமேல் சோதனைப் பதிப்பை இறக்கி உங்கள் பாட்டிலேயே போடுங்கள். ஒலி அளவைக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் யூலீன் லவுட்னெஸ் மீட்டரை மாஸ்டரில் (எல்லா டிராக்கும் சேரும் கடைசி இடம்) வைத்து, பிளக்-இன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு வரும்வரை அதன் வெளியீட்டைக் குறையுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். பல "அதிசயங்கள்" அந்த இடத்திலேயே செத்துப்போகும். சோதனைப் பதிப்பே தராதவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டாவது, கடிகாரம். 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு அறிவித்த டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் இணையத் தந்திரம்) வழிகாட்டு நெறிகள் பட்டியலிடும் 13 தந்திரங்களில் பொய்யான அவசரமும் ஒன்று. இந்தியாவில் தொடர்ந்து விற்பனை செய்யும் எல்லாத் தளங்களுக்கும் அது பொருந்தும். இரண்டு நாளின் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் தேதியோடு சேமித்துவைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். "தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று யாராவது சொன்னால் அடங்கிப்போக வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரவும் இடமுண்டு.

இப்படி ஓடிய கடிகாரத்தைப் பார்த்து நான் வாங்கிய டிரம் கம்ப்ரெஸர் ஒன்றும் இருக்கிறது. விற்ற கம்பெனி மூடிவிட்டது. புதுக் கணினியில் அது திறப்பதே இல்லை.

புதிய கம்ப்ரெஸரைப் பேரலல் டிராக்கில் போட்டு ஃபேடரை (ஒலி அளவுப் பட்டை) ஏற்றினால் கிக் (டிரம்மின் கனத்த அடி) மெலிந்துபோகிறது. பொருள் பழுதா? பணம் திருப்பித் தர மறுக்கிறார்கள். (சேலம்)

பழுது என்று சண்டைக்குப் போகுமுன் இரண்டைப் பாருங்கள். பேரலல் டிராக்கில் ஈக்யூ (அலைவரிசைவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) போட்டு அடி அலைவரிசையை வெட்டியிருக்கிறீர்களா? சாதாரண ஈக்யூ வெட்டும் இடத்தில் ஃபேஸை, அதாவது ஒலி அலையின் ஏற்ற இறக்க நேரத்தை, நகர்த்திவிடும். அசலோடு சேரும்போது கிக்கின் வயிற்றில் பள்ளம் விழும். ஈக்யூவை எடுத்துவிட்டு, கம்ப்ரெஸருக்குள் இருக்கும் சைட்செயின் ஃபில்டரைப் பயன்படுத்துங்கள். அது ஒலியை வெட்டாது, கம்ப்ரெஸர் எதைக் கேட்டு நசுக்குகிறது என்பதை மட்டும் மாற்றும்.

அடுத்தது தாமதம். லுக்-அஹெட் (வரப்போகும் ஒலியை முன்கூட்டிப் பார்க்கும் வசதி) உள்ள கம்ப்ரெஸர் ஒலியைச் சற்றுத் தாமதித்தே வெளியே விடும். 5 மில்லி விநாடி பின்தங்கினால் 100 ஹெர்ட்ஸில், அதாவது கிக்கின் நடுவயிற்றில், முதல் பள்ளம். மென்பொருளில் தாமத ஈடுசெய்தல் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கம்ப்ரெஸரின் ரேஷியோவை 1:1 (நசுக்காத நிலை) ஆக்கி, இரண்டு ஃபேடரையும் ஒரே அளவில் வைத்து, ஒரு டிராக்கின் போலாரிட்டியைத் திருப்புங்கள், அதாவது அலையைத் தலைகீழாக்குங்கள். மௌனம் வர வேண்டும். பழைய கருவிகளை நகலெடுத்த பிளக்-இன்களில் முழு மௌனம் வராது, மெல்லிய எச்சம் இருக்கும். ஆனால் கிக் முழுசாகக் கேட்டால் பிளக்-இன் தன் தாமதத்தைச் சரியாகத் தெரிவிக்கவில்லை. அது விற்றவரின் குறை. அந்த ஒலியைப் பதிவு செய்து அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள்.

1176 என்ற கம்ப்ரெஸர் கருவியின் நகல் ஒன்றை செகண்ட் ஹேண்டாக 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். என் டிரம் பஸ் (எல்லா டிரம்மும் சேரும் டிராக்) ஸ்டீரியோ. இதில் ஒரு பக்கம்தான் போகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டார்தானே? (திருப்பூர்)

இல்லை. 1967இல் வந்த அசலே மோனோ, ஒற்றை ஒலிப் பாதைதான். பின்பக்கம் ஒரு உள்ளீடும் ஒரு வெளியீடும் மட்டும் இருப்பதைப் பணம் எண்ணுவதற்கு முன் பார்த்திருக்கலாம். கிக்கை மட்டும் அதில் அனுப்புங்கள்.

"நியூயார்க் கம்ப்ரெஷன் ரகசியம்" என்று 9,000 ரூபாய்க்கு ஒரு வகுப்பு... (சென்னை)

பேரலல் கம்ப்ரெஷனின் இன்னொரு பெயர்தான் அது. பிரிட்டனின் ஸ்டுடியோ சவுண்ட் இதழில் 1977லேயே அச்சான ரகசியம் அது.

பாதி விலைக்கு கம்ப்ரெஸர் பிளக்-இன் லைசென்ஸ் தருவதாக ஒருவர் சொன்னார். கல்லூரிக் கட்டணத்தில் மிச்சம் பிடித்த பணத்தை அனுப்பினேன். வந்த கீ ஒரே நாளில் செத்துவிட்டது. அவர் எண்ணும் அணைந்துவிட்டது. (தஞ்சாவூர்)

இதைப் படித்ததும் 1930க்கு அழையுங்கள். சைபர் மோசடிக்கான எண். பணம் எடுக்கப்படுவதற்குள் முடக்க வாய்ப்பிருப்பதால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. பரிவர்த்தனை எண், உரையாடலின் படம் இரண்டையும் எடுத்துவையுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். பழைய லைசென்ஸ் வாங்குவது தவறில்லை. தயாரித்த கம்பெனியின் கணக்கு வழியாக உங்கள் பெயருக்கு மாறிய பிறகே பணம் கைமாற வேண்டும். சில கம்பெனிகள் மாற்றவே விடாது, அதையும் முதலில் விசாரியுங்கள். அதுவரை டிடிஆர் கோடெல்னிகோவ் என்ற கம்ப்ரெஸரின் இலவசப் பதிப்பு உங்களுக்குப் போதும்.

சாம்பிள் பேக் (முன்பே பதிவு செய்து விற்கும் ஒலித் தொகுப்பு) டிரம்களைத்தான் பயன்படுத்துகிறேன். மூன்று கம்ப்ரெஸர் வாங்கியும் பேரலலில் வித்தியாசமே தெரியவில்லை. நான்காவதாக எதை வாங்கலாம்? (புதுச்சேரி)

எதையும் வாங்காதீர்கள். அந்த டிரம்களை விற்றவர் ஏற்கெனவே நசுக்கித்தான் தந்திருக்கிறார்.