நான்கு மண்டலம், நான்கு வார்ப்பாலை: மின்சாரம் எங்கே போகிறது?

கேள்வி: ஒவ்வொரு மண்டலத்திலும் உள்ளூர் உற்பத்திக்கே ஆர்டர் கிடைக்கிறது. அதனால் நான்கு இடங்களில் ஒரே அளவில் வார்ப்பாலை (உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் ஆலை) வைத்திருக்கிறோம். ஒரு டன்னுக்கு ஆகும் மின்சாரம் மிக அதிகம். புது உலை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். உலை பழசா என்று பார்ப்பதற்கு முன், அது எத்தனை நேரம் சும்மா சூடாக இருக்கிறது என்று பாருங்கள்.

ஓராண்டின் மாதாந்திர மின் யூனிட்டையும் உற்பத்தி டன்னையும் எக்ஸெலில் வரைபடமாகப் போடுங்கள். புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு இழுத்து, உற்பத்தி பூஜ்யம் வரை நீட்டினால், உற்பத்தியே இல்லாவிட்டாலும் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்பது தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, அது மாதம் 60,000 யூனிட், அதற்கு மேல் டன்னுக்கு 600 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 250 டன் வார்க்கும் ஆலையில் டன்னுக்கு 840 யூனிட் ஆகும். அதே ஆலை 500 டன் வார்த்தால் 720தான். உலையை மாற்றாமலே 120 யூனிட் மிச்சம்! சந்தை துண்டுபட்டுக் கிடப்பதற்கு நீங்கள் கட்டும் அபராதம் இது.

அபராதம் இதோடு நிற்பதில்லை. வெளியூர்ச் சரக்கு உள்ளே வராத இடத்தில், மின்சாரத்தை வீணாக்கும் ஆலையும் பிழைத்துக்கொள்ளும். நெருக்கடி இல்லாமல் யார் திருந்துவார்கள்? உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இரண்டு ஆலைகளை மூடிவிடலாமா? வார்ப்பு கனமான சரக்கு. லாரி டீசலையும் கணக்கில் சேர்த்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். விதிமுறையே தடுக்கிறது என்றால் இருக்கும் நான்கிலேயே உருக்கும் நாட்களைச் சேர்த்துவையுங்கள். தினமும் அரை உலை உருக்குவதை விட, வாரத்தில் மூன்று நாள் முழு உலை உருக்குவது மேல். அப்புறம், ஒரு விடுமுறை நாளில் காற்றழுத்தும் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடுங்கள். யாருமே காற்றைப் பயன்படுத்தாதபோதும் அது அடிக்கடி லோடு எடுத்தால் (காற்றை அழுத்த ஆரம்பித்தால்), குழாயில் கசிவு இருக்கிறது.

மோட்டார் மாற்றும் நிலை வந்தால், மண்டலத்துக்கு ஒரு பிராண்டின் விளம்பரத்தை நம்பாமல், நான்கு ஆலைகளுக்கும் ஐஇ3 அல்லது ஐஇ4 என்று ஒரே தரத்தை எழுதிக் கேளுங்கள். மோட்டாரின் மின்சிக்கனத் திறனைக் குறிக்கும் இந்த வகைப்பாடு சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தினுடையது. எந்த ஊர் விற்பனையாளருக்கும் புரியும். உலை விஷயத்தை அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகு பேசலாம்.