காதில் கடித்தது நுளம்பு இல்லை, தங்கச்சி

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மாசியில் குடும்பமாகக் கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். போன ஞாயிறு வடக்கே ஒரு ஏரிக்கரைக்குப் போன இடத்தில், ஏழு வயது மகளின் தலையை ஏதோ சுற்றிச் சுற்றி வந்து காதுக்குப் பின்னால் கடித்து, இரத்தம் வழிந்திருக்கிறது. மறுநாள் காது தடித்துச் சிவந்துவிட்டது. நுளம்பு மருந்து பூசியும் பலனில்லை. இதனால் டெங்கு மாதிரிக் காய்ச்சல் வருமா, யூலைக் கடைசியில் வடக்கே ஏரிகள் நிறைந்த மஸ்கோகாவில் சொந்தக்காரரோடு எடுத்திருக்கும் வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

டெங்குப் பயத்தை விட்டுவிடுங்கள். மகளைக் கடித்தது ஒரு வகை இலையான் (ஈ), அது கடித்து டெங்கு வராது. போகாமல் விடவும் வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது 'டியர் ஃபிளை'. வீட்டு இலையானை விடக் கொஞ்சம் பெரிது, ஒரு சென்ரிமீற்றர் அளவு இருக்கும். சிறகில் கறுப்புப் பட்டைகள் இருக்கும், கண்கள் பச்சையாக மினுங்கும். இதன் பெரிய இனம் 'ஹோர்ஸ் ஃபிளை'. ஊரில் மாட்டுப் பட்டியில் மாட்டைப் பாடுபடுத்தும் பெரிய இலையான் இருக்குமே, அந்தக் குடும்பம்தான். நுளம்பு ஊசி போலக் குத்தி உறிஞ்சும். இவை கத்தி போன்ற வாயால் தோலை வெட்டி, ஊறும் இரத்தத்தை நக்கிக் குடிக்கும். அதனால்தான் அவ்வளவு நோவும் இரத்தமும். கடிப்பவை பெண் இலையான்கள் மட்டும். முட்டை வைக்க அவற்றுக்கு இரத்தம் வேண்டும்.

நுளம்பு மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. நுளம்பு பெரும்பாலும் எங்கள் மூச்சையும் தோலின் மணத்தையும் பிடித்து வரும். டியர் ஃபிளை கண்ணால் தேடும். அசையும் பொருள், கடும் நிறம், அதிலும் கரும் நீலம், கூட்டத்தில் உயரமாகத் தெரியும் தலை, இவைதான் அதை இழுக்கின்றன. ஓடித் திரியும் பிள்ளையைத் துரத்துவதும் அதனால்தான். மருந்து ஓரளவுக்குத்தான் தடுக்கும். உண்மையான காவல் உடுப்புத்தான்.

இதை நான் என் மகனால் படித்தேன். 1998இல், நாங்கள் வந்த இரண்டாவது கோடையில், யூலை நடுப்பகுதியில் ஹன்ட்ஸ்வில் பக்கம் கூடாரம் அடித்துத் தங்கினோம். அவனுக்கு அப்போது ஆறு வயது. கரு நீலத் தொப்பி, கரு நீல ரீசேட். பின்னேரம் வரை தண்ணீரில் நின்றான். தண்ணீருக்குள் நின்றால் கடிக்காது என்று நினைத்தேன். வெளியே தெரியும் தலையைத்தான் அது தேடி வந்தது. புருவத்துக்கு மேலே ஒரு கடி. விடிய எழும்பினால் ஒரு கண் முழுக்க மூடிக் கிடந்தது. நான் அழுதுகொண்டே அவனை வைத்தியரிடம் கொண்டு ஓடினேன். ஐஸ் வைக்கச் சொல்லி, அலர்ஜிக் குளிசை கொடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் வீக்கம் வற்றியது. கண்ணைச் சுற்றிய தோல் மென்மையானது, அங்கே சின்னக் கடியும் பெரிதாக வீங்கும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் அந்த இரவை அப்படிப் பயந்து கழித்திருக்க மாட்டேன். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, மஸ்கோகாவுக்கு என்ன செய்வது? பிள்ளைகளுக்கு வெள்ளை அல்லது மங்கல் நிறத்தில், தொளதொளவென்ற நீளக் கைச் சட்டையும் நீளக் களிசானும் போடுங்கள். இறுக்கமான மெல்லிய துணிக்கு மேலாலும் கடிக்கும். வெளிர் நிறத் தொப்பியின் பின்பக்கத்தில் ஒட்ட இருபக்கமும் பசையுள்ள பட்டி விற்கிறார்கள். தலையைச் சுற்றும் டியர் ஃபிளை அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். காட்டுப் பாதையில் நடக்கும்போது இதைப்போல உதவும் பொருளை நான் காணவில்லை. கூட்டத்தில் உயரமான இரண்டு பேரின் தொப்பியில் ஒட்டினால் போதும். முகத்துக்கு வலை போட்ட தொப்பியும் 'கனேடியன் ரயர்' கடையில் வாங்கலாம். அம்மா, மாமி கூட வந்தால் வெள்ளைப் பருத்திச் சால்வையால் தலையையும் கழுத்தையும் மூடச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு வலைக் கூடாரம் ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள்.

நேரமும் முக்கியம். டியர் ஃபிளைக்கு வெயிலும் சூடும் காற்றில்லாத வெளியும் வேண்டும். காலை எட்டு மணிக்கு முன் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குங்கள், அப்போது தொல்லை மிகக் குறைவு. மதிய வெயிலில் சேற்று நிலம், காட்டோரம் பக்கம் போக வேண்டாம். அதன் புழுக்கள் வளர்வது ஈரச் சேற்றில். காற்றடிக்கும் திறந்த கரை நல்லது. இருட்டினால் டியர் ஃபிளை அடங்கிவிடும். அப்புறம் நுளம்பு வரும்.

நுளம்புக்கு மருந்து வேண்டும்தான். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் சில நுளம்புகள் வெஸ்ட் நைல் வைரஸைக் காவுகின்றன. போத்தலில் அளவைப் பாருங்கள். கனேடிய சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுரைப்படி 2 முதல் 12 வயது வரை 'டீட்' என்ற பூச்சி விரட்டும் மருந்து 10 வீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாளில் 3 தடவைக்கு மேலும் வேண்டாம். பெரியவர்களுக்கு 30 வீதம் வரை. நான் பேரப்பிள்ளைகளுக்கு வாங்குவது 'ஐக்காரிடின்' என்ற இன்னொரு மருந்து, 20 வீதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பூசலாம், மணமும் பிசுபிசுப்பும் குறைவு. வெயில் கிறீமை முதலில் பூசி, அதற்கு மேல் இதைப் பூச வேண்டும். சின்னப் பிள்ளைகளின் கையில் பூசாதீர்கள், வாயில் வைத்துவிடுவார்கள்.

அடுத்த வருடத்துக்கு ஒன்று. மே மாத விக்டோரியா நாள் விடுமுறைக்கு அல்கொன்குவின் பூங்காவில் இடம் பதிய வேண்டாம். மே நடுவிலிருந்து யூன் கடைசி வரை அங்கே 'பிளாக் ஃபிளை' என்ற சின்ன இலையானின் காலம். 2 முதல் 4 மில்லிமீற்றர்தான் இருக்கும், ஆனால் கூட்டம் கூட்டமாக வந்து நெற்றி மயிர் தொடங்கும் இடத்திலும் காதுக்குப் பின்னாலும் கடிக்கும். கடிக்கும்போது தெரியாது, இரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். நிறையக் கடித்தால் தலையிடி, காய்ச்சல்கூட வரும். சுத்தமான ஓடும் தண்ணீரில் வளர்வதால் அழகான ஆற்றோரங்களில்தான் கூடுதல். ஓகஸ்ட் நடுவுக்குப் பிறகு போய்ப் பாருங்கள்: தண்ணீர் சூடாக இருக்கும், இலையான் தொல்லையும் நன்றாகக் குறைந்திருக்கும்.

மகளின் காதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள், சொறிந்து புண்ணாக்கினால்தான் கிருமி பிடிக்கும். அரிப்புக்கு மருந்துக் கடையில் கேளுங்கள். 2023 முதல் ஒன்ராறியோவில் பூச்சிக் கடிக்கு மருந்தாளரே மருந்து எழுதித் தரலாம், வைத்தியருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இரவில் பயமாக இருந்தால் 811 அடியுங்கள், தாதி ஒருவர் கதைப்பார், கட்டணம் இல்லை. இரண்டு நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவிக்கொண்டே போனால், காய்ச்சல் அடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிடமும் யோசிக்காமல் அவசர உதவிக்கு 911 அடியுங்கள்.

இன்னொன்று, இதை இலையானை விடவும் கவனமாகப் பாருங்கள். ஸ்காபரோவில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ரூஜ் பூங்காவிலேயே 'லைம்' என்ற கிருமி நோயைக் காவும் உண்ணி இருக்கிறது. அது கடிப்பது நோகாது. புல்வெளியில் விளையாடி வந்த அன்றிரவே குளிக்க வார்க்கும்போது அக்குள், முழங்காலின் பின்பக்கம், தலைமயிருக்குள் தடவிப் பாருங்கள். கடித்து 24 மணி நேரத்துக்குள் கழற்றிவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்புக் குறைவு. நுனி மெல்லிய கிடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து, முறுக்காமல் நேரே இழுங்கள்.

காது வற்றியதும் ஒரு வரி எழுதுங்கள், தங்கச்சி. பட்டியும் வலைத்தொப்பியும் என்னிடம் கூடுதலாகக் கிடக்கின்றன. மஸ்கோகா போக முதல் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.